அயல்நாட்டில் ஒரு கைப்பேசி

வெளிநாட்டுப் பயணம் மேற்கொள்வோர் புறப்படுமுன் பல பொருள்களைத் திரட்டுகின்றனர். கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, ஆடைகள், மருந்துகள், அந்நாட்டு நாணயம் ஆகியவற்றை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்கின்றனர். ஊறுகாய்க் குப்பியை மறவாமல் எடுத்துச் செல்வோரும் உண்டு. ஆயினும், செல்லும் நாட்டில் உள்ளவர்கள் தம்மை எவ்வாறு அழைப்பார்கள் என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. நானும் அதனை எண்ணாமலே புறப்பட்டேன். அதனால் நேர்ந்த பிழையையும், அப்பிழையைத் திருத்திய ஒரு சிறு கருவியையும் பற்றி இங்குக் கூற விரும்புகின்றேன்.

2012ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டிற்குச் சென்றிருந்தேன். தலைநகராகிய நைரோபியில் பணியாற்றிய என் நண்பர் இல்லத்தில் தங்கினேன். நிலநடுக்கோடு அந்நாட்டின் ஊடே செல்கின்றது. எனினும், நைரோபி கடல் மட்டத்திற்கு மேல் 1,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்திருத்தலால், ஜூலையில் அங்குக் கம்பளி ஆடை தேவைப்பட்டது. நிலநூல் கற்பிக்கும் ஆசிரியனாகிய எனக்கு, ஏட்டில் மட்டுமே கண்ட பெரும்பிளவுப் பள்ளத்தாக்கை நேரில் காண வேண்டும் என்பது நெடுநாளைய ஆசை. நகுரு என்னும் நகருக்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் என் நண்பருக்கு அறிமுகமானவர். தம் பள்ளிக் குழந்தைகளுக்கு இந்தியாவைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு அவர் என்னை அழைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு வருவதாக நானும் ஒப்புக்கொண்டேன்.

என்னிடம் விலை உயர்ந்த கைப்பேசி ஒன்று இருந்தது. புறப்படுமுன் நான் விசாரித்தபோது, "இந்த எண்ணையே அங்கும் பயன்படுத்தலாம், ரோமிங் வசதி உண்டு" என்றனர். அது உண்மையே, ஆனால் முழு உண்மை அன்று. அயல்நாட்டில் இருக்குங்கால், நாம் பேசுவதற்கு மட்டுமன்றிப் பிறர் நம்மை அழைப்பதற்கும் நாமே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அதனை நான் அறியேன். என் அன்னையார் இரவுதோறும் அழைத்து, "உண்டாயா? குளிர் எப்படி இருக்கிறது? கம்பளி போட்டுக்கொண்டாயா?" என்று வினவினார். அவருடைய அன்பு நான்கே நாளில் என் கணக்கில் இருந்த பணம் முழுவதையும் கரைத்துவிட்டது. வியாழன் இரவு கைப்பேசி ஊமையாயிற்று. இல்லத்தார்க்குத் தெரிவித்தால் ஊரிலிருந்தே பணம் ஏற்றிவிடுவர். ஆனால், தெரிவிப்பதற்கே பணம் இல்லை. "நாளை மாலை பார்த்துக்கொள்வோம்" என்று எண்ணி, வெள்ளிக்கிழமை விடியுமுன் நகுருவுக்குப் புறப்பட்டேன்.

அந்நாட்டில் மக்கள் பெரிதும் செல்வது 'மட்டாட்டு' என்னும் சிற்றுந்தில். நைரோபியிலிருந்து நகுரு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். சாலை மேட்டு நிலத்தினின்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் இடத்தில், காலைப் பனியினூடே லாங்கோநாட் எரிமலை தோன்றியது. அக்காட்சியில் நான் என்னை மறந்தேன். நைவாசாவைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் எங்கள் வண்டி நின்றது. முன்னே ஒரு பெரிய சுமையுந்து சாலையின் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. எவர்க்கும் பெருங்காயம் இல்லை என்று கேட்டு மகிழ்ந்தோம். ஆனால், இரு புறமும் வண்டிகள் கண்ணுக்கு எட்டிய மட்டும் நின்றன.

அப்பொழுது நான் கண்ட காட்சியை இன்றும் மறக்க இயலவில்லை. வண்டியில் இருந்தோர் அனைவரும் தத்தம் கைப்பேசியை எடுத்தனர். அவை யாவும் எளிய கருவிகள். பல, எண்கள் தேய்ந்தவை. ஒன்று, நூலால் கட்டப்பட்டது. சந்தைக்குச் செல்லும் ஒருவர் தம் பங்காளியிடம் பேசினார். ஓர் இளைஞன் தன் முதலாளியிடம் பேசினான். என் அருகில் கூடையுடன் அமர்ந்திருந்த மூதாட்டி தம் மகளை அழைத்து ஏதோ கூறிச் சிரித்தார். சில நொடிகளில், அவ்வண்டியில் இருந்த அனைவரின் தாமதமும் அவர்களுக்காகக் காத்திருந்தோர்க்குத் தெரிந்துவிட்டது. அவ்வண்டியிலேயே விலை உயர்ந்த கைப்பேசியை வைத்திருந்த நான் மட்டும் வாளா இருந்தேன்.

மூதாட்டி என்னைப் பார்த்தார். தம் கைப்பேசியை என் முன் நீட்டி, தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "உனக்குச் சொல்ல எவரும் இல்லையா?" என்று கேட்டார். தலைமையாசிரியரின் எண் என் சட்டைப்பையில் ஒரு தாளில் இருந்தது. ஆயினும், இத்துணை நல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஏழை மூதாட்டியின் காசில் பேசுவதா என்று கூசினேன். "எவரும் இல்லை" என்று தலையசைத்தேன். அவர் இரக்கத்துடன் என்னை நோக்கிவிட்டுக் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டார்.

சாலை சீராகி, நான் அப்பள்ளியை அடைந்தபோது மாலை மணி நான்கு. பள்ளி வாயிலில் இலைகளால் தோரணம் கட்டியிருந்தனர். அது வாடித் தொங்கியது. மாணவர்கள் காலை 9 மணி முதல் திடலில் காத்திருந்தனராம். பெரிய பிள்ளைகள் மரநிழலில் அமர்ந்திருந்தனர். சிறு குழந்தைகள் சிலர் புல்தரையில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து உறங்கிவிட்டனர். என்னைக் கண்டதும் ஆசிரியை ஒருவர் அவர்களை எழுப்பினார். அவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து, எனக்காகப் பழகி வைத்திருந்த வரவேற்புப் பாடலைப் பாடினர். அப்பாடலைத் தலைநிமிர்ந்து கேட்க என்னால் இயலவில்லை.

தலைமையாசிரியர் என்மீது சினம் கொள்ளவில்லை. "ஹகுனா ஷிடா" என்றார். 'இடர் ஒன்றும் இல்லை' என்பது அச்சுவாகிலிச் சொற்களின் பொருள். பின்னர் அவர் தயங்கியவாறு, "ஐயா, காலையிலேயே தங்களை அழைக்க எண்ணினேன். என் கைப்பேசியில் 20 ஷில்லிங் இருந்தது. தாங்கள் கொடுத்த எண்ணோ இந்திய நாட்டு எண். அதற்கு இப்பணம் போதாதே என்று விட்டுவிட்டேன்" என்றார்.

அவர் குறை கூறவில்லை, உள்ளதைக் கூறினார். ஆயினும், அச்சொல் என் உள்ளத்தில் தைத்தது. என்னை அழைப்பதையே அவருக்கு அரிய செயலாக ஆக்கிவிட்டு, அவருக்கு விருந்தினனாக வந்தவன் நான்.

அவர் கூறியதன் காரணத்தை மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. கைப்பேசியினுள் வைக்கும் சிம் அட்டையே, அக்கருவி எந்த நாட்டின் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தது என்பதைக் காட்டுவது. என் சிம் அட்டை இந்திய நாட்டினது. ஆதலின், நகுருவில் நிற்கும் ஒருவர் அதே தெருவில் நிற்கும் என்னை அழைத்தாலும், அவ்வழைப்பு கடல் கடந்து இந்தியாவுக்குச் சென்று, அங்கிருந்து மீண்டும் கடல் கடந்து என்னிடம் வரும். போவதற்கு அவர் பணம் தரவேண்டும். வருவதற்கு நான் பணம் தரவேண்டும். பத்தடி தொலைவில் உள்ள இருவர் பேசிக்கொள்ள, குரல் ஒரு பெருங்கடலை இருமுறை கடக்க வேண்டியிருந்தது.

மறுநாட் காலை அப்பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர் என்னை நகுருக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றார். என் பழைய கருவியிலேயே கென்ய நாட்டு சிம் அட்டையைப் பொருத்தலாமே என்று முதலில் எண்ணினேன். ஆனால், அதில் ஒரே அட்டைக்குத்தான் இடம் இருந்தது. அதன் மின்கலமும் ஒரு பகலுக்கு மேல் நில்லாது. அச்சிற்றூரிலோ மின்சாரம் இல்லை. அங்குள்ளோர் கடைத்தெருவில் சிறு தொகை கொடுத்துத் தம் கைப்பேசிகளுக்கு மின்னேற்றி வந்தனர். ஆகவே, எளிய கருவி ஒன்றைத் தனியே வாங்குவதே தக்கது என்று அவ்வாசிரியர் கூறினார்.

கடைக்காரர் ஒரு சிறிய நோக்கியாக் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அதன் தலையில் டார்ச் விளக்கு இருந்தது. இத்தகைய கைப்பேசியை அந்நாட்டார் 'முலிக்கா ம்வீசி' என்று வேடிக்கையாக அழைக்கின்றனர். 'திருடன்மேல் ஒளி பாய்ச்சு' என்பது அதன் பொருள். விலை 1,700 ஷில்லிங். அன்றைய கணக்கில் நம் பணம் ஏறத்தாழ 1,100 ரூபாய். மலிவு என்று போலிக் கருவியை வாங்கிவிடலாகாது என்று இளம் ஆசிரியர் எச்சரித்தார். ஒவ்வொரு கைப்பேசிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட அடையாள எண் ஒன்று உண்டு. விண்மீன் குறி, வேலிக் குறி, சுழி, ஆறு ஆகியவற்றை முறையே அழுத்தினால் அவ்வெண் திரையில் தோன்றும். பெட்டியின் மேலுள்ள எண்ணோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுத்தோம். அவ்வெச்சரிக்கையின் அருமை பின்னர் விளங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் கென்ய அரசினர் போலிக் கைப்பேசிகள் அனைத்தின் இணைப்பையும் துண்டித்துவிட்டனர்.

சிம் அட்டை வாங்குவதற்குக் கடவுச்சீட்டைக் காட்டி, என் பெயரைப் பதிவு செய்தேன். பேசுவதற்குரிய பணத்தைச் சிறு சிறு அட்டைகளாக விற்றனர். மேற்பூச்சைச் சுரண்டினால் எண் தெரியும். அவ்வெண்ணை அழுத்தினால் கணக்கில் பணம் ஏறும். உள்நாட்டில் பேச நிமிடத்துக்கு மூன்று அல்லது நான்கு ஷில்லிங் ஆயிற்று.

சிம் அட்டையைப் பொருத்துவதற்காகக் கடைக்காரர் கைப்பேசியின் பின்மூடியைத் திறந்தார். மின்கலத்தின் அடியில் ஒட்டியிருந்த தாளில் 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. நான் வியந்து நின்றேன். அக்காலத்தில் அந்நிறுவனத்துக்கு இந்தியாவில் இருந்த கைப்பேசித் தொழிற்சாலை ஒன்றே. அது நம் ஸ்ரீபெரும்புதூரில் 2006ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வந்தது. நம் மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் பேருந்தில் சென்று வந்த இளம்பெண்கள் பலர் அங்குப் பணிபுரிந்தனர். அவர்களுள் ஒருத்தியின் விரல்கள் தொட்ட கருவி, நான் செல்வதற்கு முன்னரே கடல் கடந்து சென்று, அந்நாட்டு மக்களோடு கலந்து வாழ்ந்துகொண்டிருந்தது. நான்தான் கலவாமல் ஒதுங்கி நின்றேன்.

புதிய எண்ணை முதலில் தலைமையாசிரியருக்குத் தெரிவித்தேன். பிறகு வேடிக்கை ஒன்று நிகழ்ந்தது. அவ்வூரார் ஒருவர்பின் ஒருவராக அவ்வெண்ணைப் பெற்றுக்கொண்டனர். கையில் காசு இல்லாதபோது ஒருமுறை மணியடிக்கச் செய்து நிறுத்திவிடுவர். நாம் திரும்ப அழைக்க வேண்டும் என்பது குறிப்பு. நம் ஊரில் இதனை 'மிஸ்டு கால்' என்போம். 2007ஆம் ஆண்டு தொடங்கிய 'எம்-பேசா' என்னும் ஏற்பாட்டின்வழி, எளிய கைப்பேசி கொண்டே பணம் அனுப்புவதையும் பெறுவதையும் அவர்கள் எனக்குக் காட்டினர். 'பேசா' என்பது பணத்தைக் குறிக்கும் சுவாகிலிச் சொல். நம் நாட்டுப் 'பைசா'வே வணிகரோடு கடல் கடந்து அவ்வாறு ஆயிற்று. என் அன்னையாரோடு ஞாயிறுதோறும் நண்பர் இல்லத்துக் கணிப்பொறி வழியாகப் பேசினேன். அவர் கவலையும் தீர்ந்தது. என் பணமும் தப்பியது.

அடுத்த வெள்ளியன்று நண்பர் இல்லத்தினின்று மீண்டும் அப்பள்ளிக்குப் புறப்பட்டேன். அன்று வழியில் பெருமழை பெய்தது. வண்டி ஊர்ந்து சென்றது. நான் உடனே கைப்பேசியை எடுத்து, "ஐயா, ஒன்றரை மணி நேரம் தாமதமாகும், குழந்தைகளை வெளியே நிறுத்த வேண்டா" என்றேன். மூன்று ஷில்லிங்கும் செலவாகவில்லை. நான் சென்றபோது குழந்தைகள் வகுப்பறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தனர். மணி அடித்ததும் ஆரவாரத்துடன் ஓடி வந்து அதே பாடலைப் பாடினர். அன்றுதான் நான் அதனை நிமிர்ந்து நின்று கேட்டேன்.

ஊர் திரும்புமுன் அக்கைப்பேசியை அப்பள்ளியின் காவலருக்குக் கொடுத்தேன். சிம் அட்டை என் பெயரில் பதிவாகியிருந்தமையால் அதனை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவர் முதலில் விளக்கை ஏற்றிப் பார்த்துக் குழந்தைபோல் மகிழ்ந்தார்.

2014ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் நகுருக் கடைத்தெருவில் கண்ட அச்சிறு தாள் என் நினைவுக்கு வருகின்றது. இன்று கைப்பேசிகள் பெரிதும் மாறிவிட்டன. இரண்டு சிம் அட்டைகளை ஏற்பனவும், அட்டையே இல்லாமல் அயல்நாட்டு எண்ணைப் பெறுவனவும் வந்துவிட்டன. கருவி மாறினும் கடமை மாறவில்லை. ஒரு நாட்டிற்கு விருந்தினராகச் செல்வோர், தம் வீட்டாரோடு பேசுவதற்கு வழி தேடுதல் இயல்பு. அந்நாட்டில் தம்மை எதிர்நோக்கியிருப்போர் தம்மை எளிதில் அழைப்பதற்கும் வழி செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்யாதவர் எத்துணை நாள் தங்கினும் அயலாராகவே திரும்புவர். அன்று அம்மூதாட்டியிடம் 'எவரும் இல்லை' என்று நான் தலையசைத்தது பொய். எனக்காகக் காத்திருந்தோர் ஒரு திடல் நிறைய இருந்தனர்.