சந்தேகம் யார் மேல்?

நான் பி.காம். பற்று, வரவு, ஐந்தொகை தெரியும். புரோகிராம் எழுதுவது நாற்பதுக்கு மேல் வந்த ஆசை. அந்த வயதில் சிலருக்குக் கோயில் குளம், எனக்கு பைதான்.

இருபது வருஷமாக எழுதித் தள்ளியதை எல்லாம் சேர்த்து, எத்தனை வெவ்வேறு சொற்களை வைத்துக்கொண்டு இத்தனை காலம் பிழைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதினேன். சுமார் 20 லட்சம் சொற்கள். ஓடியது, ஓடியது, 25 நிமிஷம் ஓடியது.

நீங்களே சொல்லுங்கள், யார் மேல் சந்தேகம் வரும்? ஹார்ட் டிஸ்க் மேல்தானே? பழசு, முனகவும் செய்கிறது. 4,000 ரூபாய்க்குப் புதிதாக எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டேன். 25 நிமிஷம் 25 நிமிஷமாகவே இருந்தது. நாலைந்து விநாடி குறைந்திருந்தால் புண்ணியம்.

விஷயம் தெரிந்த நண்பர் சிரித்தார். "அளந்து பார்த்தீங்களா சார்?"

பைதானுடனேயே சி-ப்ரொஃபைல் என்று ஒரு கருவி இலவசமாக வருகிறது. அதன் மேற்பார்வையில் புரோகிராமை ஓடவிட்டால், எந்த ஃபங்ஷன் எத்தனை தடவை வேலை செய்தது, எவ்வளவு நேரம் தின்றது என்று பேரேடு மாதிரி பத்தி பிரித்துக் கொடுத்துவிடும். பி.காம். காரனுக்கு வேறென்ன வேண்டும்?

ஃபைல்களைப் படிக்க ஆனது சில விநாடிதான். மீதி நேரம் பூராவும் 'இந்தச் சொல் முன்பே வந்துவிட்டதா?' என்று பார்க்கிற நாலு வரி ஃபங்ஷனில். சொற்களை நான் லிஸ்ட்டில் போட்டு வைத்திருந்தேன். லிஸ்ட்டில் தேடினால் முதல் சொல்லில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே போகும். புதுச் சொல் என்றால் கடைசிவரை போகவேண்டும். செட் என்று இன்னொன்று இருக்கிறது. சொல்லை வைத்தே அது இருக்கவேண்டிய அறையைக் கணக்குப் போட்டு, நேராக அங்கே போய்ப் பார்க்கும். மாற்றினேன். 3 விநாடி! நம்பாமல் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

டொனால்ட் நூத் என்ற கணினி மேதை 1971-ல் ஃபோர்ட்ரான் புரோகிராம்களை ஆராய்ந்து சொன்னதும் இதுதான்: பொதுவாக ஒரு புரோகிராமின் 4 சதவிகிதத்துக்கும் குறைவான பகுதியே பாதிக்கு மேற்பட்ட நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த 4 எது என்பதில்தான் நம் ஊகம் தோற்கிறது.

நான் அளக்காமல் தீர்ப்புச் சொன்னது இது முதல் தடவை இல்லை. காலேஜ் முடித்ததும் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்த்தேன். ஒரு மளிகைக் கடைக்குக் கணக்குப் பார்க்கப் போனோம். லாபம் குறைந்துகொண்டே வருகிறது. முதலாளிக்குக் கல்லாவில் நிற்கிற பையன் மேல் சந்தேகம். பேரேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே, "அவனாத்தான் சார் இருக்கும்" என்று நானும் தலையாட்டினேன். அன்று சாயங்காலமே பையனை அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துக் கணக்கை முடித்தோம். ஒரே சரக்குக்கு லாரி வாடகை இரண்டு தடவை போயிருந்தது, மாதாமாதம். கல்லாவில் ஒரு பைசா குறையவில்லை.

பழைய ஹார்ட் டிஸ்க் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. வேண்டுமென்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அந்தப் பையன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.