தீப்பொறி ஊரில் ஒரு ஹாட் ஹேட்ச்!

சிவகாசின்னு சொன்னதும் உங்க மனசுல என்னென்ன ஓடும்? சரவெடி, தீப்பெட்டி, தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை... போதும், நிறுத்துங்க. அந்த லிஸ்ட்டுல கடைசியா ஒரு அயிட்டம் சேர்த்துக்கங்க. ஃபியட் பேலியோ 1.6 ஜி.டி.எக்ஸ்., 2002 மாடல், சிவப்புக் கலர், டி.என். 67 நம்பர். வயசுல எனக்கு மூத்தது. உங்கள்ல பல பேருக்கும் மூத்ததுதான்!

அதைப் பார்க்கணும்னா விஸ்வநத்தம் வரணும். சென்னை மக்கள் ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடிச்சா சிவகாசி ஸ்டேஷன்லயே இறங்கலாம். மதுரைக்காரங்களுக்கு பஸ். சிவகாசி எங்கே முடியுது, விஸ்வநத்தம் எங்கே ஆரம்பிக்குதுன்னு கோடு போட்டுக் காட்ட யாராலயும் முடியாது. ஒரு பக்கம் ஆஃப்செட் மெஷின் 'தடக் தடக்'னு ஓடும். இன்னொரு பக்கம் பட்டாசுக் கடை போர்டுகள், எல்லாமே தள்ளுபடி சதவிகிதத்தைக் கத்திச் சொல்லும். இங்க் வாசம், பேப்பர் வாசம், கொஞ்சம் கந்தக வாசம். மழைன்னா என்னன்னு கேக்குற கரிசல் பூமி.

அந்தக் காய்ச்சல்தான் இந்த ஊரோட மூலதனமே. 1920-களில் சிவகாசியில இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. ஈரமில்லாத காத்து, சுள்ளுன்னு வெயில். குச்சி சீக்கிரம் காயும், மருந்து நமத்துப் போகாது. சரி, இதுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறீங்களா? துருப்பிடிக்கவும் ஈரம் வேணுமே பாஸ்! இதே கார் சென்னையில கடற்கரைப் பக்கம் எட்டு வருஷம் சும்மா நின்னிருந்தா தரைத் தகடு பொலபொலன்னு உதிர்ந்திருக்கும். இங்கே பேட்டரிக்குக் கீழ உள்ள தட்டும் பின் சக்கர வளைவும்தான் போயிருந்தது. மத்த இடமெல்லாம் கெட்டித் தகடு.

காருக்குச் சொந்தக்கார அண்ணன் ஆஃப்செட் பிரஸ்ல மெஷின்மேன். நாப்பது வயசைத் தாண்டினவர். வேலைக்குச் சேர்ந்த புதுசுல அவங்க முதலாளி வீட்டுல நின்ன கார் இது. அப்போ அதைக் கழுவித் துடைச்ச பையன் இவர்தான். பிற்பாடு அது ஓடாம நின்னு, எலி குடியேறி, கடைசியில பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட முடிவாகியிருக்கு. அதே விலையைக் குடுத்து இவர் வாங்கிட்டார். "தம்பி, கழுவும்போது ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்கக் குடுக்கல. அதான்"னு சிரிக்கிறார்.

மெக்கானிக்கல் மக்கள் இந்தப் பாராவைத் தாண்டிடலாம். மத்தவங்களுக்கு மட்டும்: பின்கதவு மேல்நோக்கித் திறக்கிற குட்டிக் கார்தான் ஹேட்ச்பேக். மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் போகச் செஞ்ச அந்தக் குட்டி உடம்புக்குள்ள பெரிய கார் இன்ஜினைத் தூக்கி வெச்சா ஹாட் ஹேட்ச். 1976-ல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ.தான் இந்த ஜாதிக்குப் பேர் வாங்கிக் குடுத்தது. 1.6 லிட்டர் இன்ஜின், 110 குதிரைசக்தி. 5,000 கார் வித்தா போதும்னு ஆரம்பிச்சாங்க, முதல் தலைமுறையே நாலரை லட்சத்தைத் தாண்டிடுச்சு. அந்த கோல்ஃபை வரைஞ்சவர் இத்தாலியின் ஜுஜாரோ. 2001-ல் இந்தியாவுக்கு வந்த பேலியோவோட முகத்தைத் திருத்தி வரைஞ்சதும் அவர்தான்!

அப்போ நம்ம ரோட்டுல ராஜா மாருதி 800. அதோட சாதாரண மாடலுக்கு 40 குதிரைசக்திகூட கிடையாது. பேலியோ 1.6-க்கு 1,596 சி.சி., 100 குதிரைசக்தி. விளம்பரத்துல சச்சின் டெண்டுல்கர். 'எஸ்10'னு அவர் பேர்ல ஒரு ஸ்பெஷல் எடிஷன்கூட வந்தது. ஆனா நம்மாளுங்க கார் வாங்கப் போனா முதல்ல கேக்குற கேள்வி, "லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?" அந்தக் கேள்விக்கு 1.6-கிட்ட சந்தோஷமான பதில் இல்லை. ஃபியட் பிராண்டும் இப்போ இந்தியாவுல கார் விக்கறதில்லை. நம்ம ஊர் ஹாட் ஹேட்ச் கதை எல்லாமே இப்படித்தான், சட்டுனு முடிஞ்சிரும். கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018 அக்டோபர்ல டியாகோ ஜே.டி.பி. கொண்டு வந்தாங்க, 114 பி.எஸ். பவர். 2020-ல் பி.எஸ். 6 விதி வந்தப்போ அதுவும் காணாமப் போச்சு.

இனிமே உள்ளே போவோம். வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட். முன்னாடி தீப்பெட்டி ஒட்டுற வேலை நடந்த இடம். இப்போ நடுவுல பேலியோ, நாலு சக்கரமும் இல்லாம மரக்கட்டை மேல. நான் ஆர்வத்துல உள்ளே காலை வெச்சேன். "ஐயா, போனை வெளிய வெச்சிட்டு வா. அந்தக் குழாயைத் தொட்டுட்டு வா." குரல் குடுத்தது அண்ணனோட அம்மா.

அம்மா முப்பது வருஷம் பட்டாசு ஆலையில வேலை பார்த்தவங்க. மருந்து இருக்குற அறைக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி செம்புத் தகட்டைத் தொட்டு உடம்புல உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிட்டுப் போறது அங்கே வழக்கம். நாம ஃபிசிக்ஸ் லேப்ல வைவாவுக்கு மனப்பாடம் பண்ணின 'ஸ்டேட்டிக் சார்ஜ்' இவங்களுக்கு தினப்படி வாழ்க்கை. அந்தச் சட்டத்தை அப்படியே மகனோட ஷெட்டுக்கும் போட்டுட்டாங்க. டாங்கைத் திறக்குற நாள்ல நைலான், பாலியஸ்டர் சட்டை கூடாது, பருத்தி மட்டும்தான். பேட்டரியில நெகட்டிவ் வயரைக் கழட்டாம எதையும் தொடக் கூடாது. தட்டுற வேலைன்னா பித்தளைக் கம்பி வெச்சுத்தான் தட்டணும். பித்தளைக்குத் தீப்பொறி வராது, இரும்புப் பாகமும் நசுங்காது. மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிறவங்க வந்து இவங்ககிட்ட டியூஷன் எடுக்கலாம்!

பெட்ரோல் டாங்க் கழட்டின கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எட்டு வருஷப் பழைய பெட்ரோல், வார்னிஷ் மாதிரி நாத்தம். அதை வடிச்சதும், "காலியாயிருச்சு, இனி பயமில்லை"ன்னு அண்ணன் நினைச்சிருக்கார். அம்மா விடலை. அவங்க சொன்னது சரிதான். முழுசா நிரம்பின டாங்கைவிட காலி டாங்க்தான் ஆபத்து. உள்ளே பெட்ரோல் ஆவியும் காத்தும் கலந்து நிக்கும். ஒரு பொறி போதும். அந்த ஆவி காத்தைவிட கனம். அதனால மேலே போகாது, தரையோட தவழ்ந்து மூலையில போய் உக்காரும். டாங்கை வெட்டவெளிக்குத் தூக்கிட்டுப் போய், தண்ணி ரொப்பி ரொப்பி ஊத்தி, நாள்கணக்கா வெயில்ல வெச்சிருக்காங்க. வெல்டிங் ஷெட்டுக்குள்ள கிடையவே கிடையாது. பேட்டரித் தட்டுக்கும் சக்கர வளைவுக்கும் ஒட்டுப் போட, வெறும் பாடியை மினி லாரியில ஏத்தி டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டு போனாங்க. பெயின்ட்டும் வெளியில, பூத்துலதான். இப்போ அடிக்கிற டூ-கே பெயின்ட்டோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. மூக்குல கர்ச்சீப் கட்டிக்கிட்டு அடிச்சா நுரையீரல்தான் ரிஸ்க். வீடியோவைப் பார்த்து மொட்டை மாடியில ஸ்ப்ரே கன் தூக்குறவங்க கவனிங்க.

இன்னொரு சட்டமும் உண்டு. காரைச் சுத்தி நாலு பேருக்கு மேல நிக்கக் கூடாது. பட்டாசு ஆலையிலயும் ஒரு அறைக்கு நாலு பேர்தான் கணக்கு. "கார்ல என்னம்மா வெடிக்கப் போகுது?"ன்னு நான் கேட்டேன். அவங்க பதில் சொல்லலை. அண்ணன்தான் மெதுவா, "முதலிப்பட்டி"ன்னார். 2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கம் முதலிப்பட்டி பட்டாசு ஆலையில தீ. சுமார் 40 பேர் செத்துப் போனாங்க. அதுல ஆலையில வேலை பார்த்தவங்க மட்டும் இல்லை. புகையைப் பார்த்து உதவிக்கு ஓடினவங்க, என்ன ஆச்சுன்னு பார்க்கப் போனவங்களும் உண்டு. அதுக்கப்புறம் அந்த ஷெட்டுல நான் கொஞ்ச நேரம் எதுவும் கேக்கலை.

இந்த ஊர் கார் வேலைக்குப் பொருந்துறது பயத்துல மட்டும் இல்லை, பழக்கத்துலயும்தான். கழட்டின போல்ட், ஸ்க்ரூ, வாஷர் எல்லாத்தையும் எங்கே வெச்சிருக்கார் தெரியுமா? காலித் தீப்பெட்டியில! ஒவ்வொண்ணு மேலயும் பென்சில்ல 'வலது முன் கதவு - 3', 'டேஷ்போர்டு - 7'னு குறிப்பு. அலமாரி முழுக்க அடுக்கி வெச்சதைப் பார்த்தா குட்டி லைப்ரரி மாதிரி இருக்கு. எந்த வயர் எங்கே போகுதுன்னு பிரஸ்ல வீணாப்போன தாளோட பின்பக்கம் படம் வரைஞ்சு வெச்சிருக்கார். ஒரு பக்கம் முருகன் காலண்டர் பாதி கலர்ல, மறுபக்கம் ஃபியூஸ் பாக்ஸ். ஸ்டிக்கர்? அதை வேற ஊர்ல தேடுவாங்களா! வெளுத்துப்போன '1.6' எழுத்தை ஸ்கேன் பண்ணி, கோணல் திருத்தி, கூட வேலை பார்க்குறவர் ஒரே ராத்திரியில வெட்டிக் குடுத்துட்டார்.

இன்ஜினை எப்படி எழுப்பினாங்க? சாவியைத் திருகி இல்லை. அதைச் செய்யவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டர்லயும் கொஞ்சம் ஆயில் விட்டு, ரெண்டு நாள் ஊற வெச்சாங்க. பழைய டைமிங் பெல்ட்டைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டினாங்க. பெல்ட் அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், அப்புறம் மொத்த ஹெட்டுக்கும் கும்பிடு போடணும். அதுக்குப் பிறகு கிராங்க்கை ஸ்பானர் போட்டுக் கையாலயே சுத்திப் பார்த்திருக்கார். சிக்காம சுத்தினதும்தான் அடுத்த வேலை. பெட்ரோல் ஹோஸ் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்திட்டார். இன்னைக்கு பங்குல கிடைக்கிறது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2002 ரப்பருக்கு அது பழக்கமில்லாத சாப்பாடு. இன்ஜின் பாகங்களுக்கு சியனா, பெட்ரா 1.6 கார்கள்தான் தானதர்மம் பண்ணியிருக்கு. அதே இன்ஜின் அதுலயும் வந்தது. சென்னை புதுப்பேட்டைக்கு மூணு தடவை போயிட்டு வந்தாராம்.

இன்ஜின் ஓடிருச்சு. ஆனா கார் இன்னும் தெருவைப் பார்க்கலை. காரணம், ஆர்.சி. முடிஞ்சு கிடக்கு. தனியார் காருக்கு முதல் 15 வருஷம், அதுக்கப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்கணும். அந்தக் கட்டணம் 600 ரூபாயா இருந்து, 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல 20 வயசைத் தாண்டின கார்களுக்கு 10,000 ஆச்சு. 'விண்டேஜ்'னு தனி மரியாதை வாங்கலாமேன்னா, 2021 விதிப்படி அதுக்கு 50 வயசு ஆகணும். பேலியோவுக்கு 2052-ல்தான் அந்த யோகம்! பழைய காருக்கெல்லாம் சோதனை வேணும், புகை கக்குறது ரோட்டுல கூடாது, அது நியாயம். ஆனா ஒழுங்கா பராமரிச்ச ஒரு காருக்கும் கைவிட்ட ஒரு காருக்கும் வயசை மட்டும் வெச்சு ஒரே கட்டணம் போடறது எனக்குச் சரியாப் படலை. நீங்க என்ன சொல்றீங்க?

உங்கள்ல சில பேருக்கு இப்பவே கை அரிக்கும். பெரிய சைலன்சர், வேற கலர், வேற இன்ஜின்... பொறுங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில உள்ள விவரத்தை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. அண்ணன் ஒண்ணும் மாத்தலை. அதே சிவப்பு, அதே சைலன்சர், அதே 14 இன்ச்... சரி, அந்த டயர் சைஸ் சண்டைக்குள்ள நான் போகலை, அண்ணனுக்கும் பட்டறைக்காரருக்கும் இன்னும் பஞ்சாயத்து முடியலை.

சாப்பாட்டைச் சொல்லாம விட்டா ஊர்க்காரங்க கோவிச்சுக்குவாங்க. வர்ற வழியில விருதுநகர்ல எண்ணெயில பொரிச்ச பரோட்டா. கிளம்பும்போது சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. பார்சல் எனக்கும் சேர்த்து.

நான் போன அன்னைக்கு அண்ணன் அஞ்சு நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டார். ஷெட்டுக் கதவு ரெண்டும் திறந்து, அம்மா மணல் வாளியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு நின்னாங்க. பெட்ரோல் தீயை அணைக்க மணல்தான், தண்ணி இல்லை. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சதும் 16 வால்வும் சேர்ந்து ஒரு சீறல்... சத்தியமா சொல்றேன், முடி நட்டுக்கிச்சு. அம்மா முகத்துல ஒரு மாற்றமும் இல்லை. "போதும், அமத்து. வெயில் ஏறுது"ன்னாங்க. மருந்து வேலையெல்லாம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிக்கிற பழக்கம்!

அடுத்த மாசம் காரை சிவகாசி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டு போறார். அதுக்குள்ள ஒரே ஒரு குறை. இடது பக்க டெயில் லேம்ப் உடைஞ்சிருக்கு. சியனா, பெட்ரா செடான்ல இருக்கறது இதுக்குச் சேராது. பேலியோவோடது மட்டும்தான் பொருந்தும். உங்க ஊர்ப் பழைய இரும்புக் கடையில ஒரு பேலியோ மூலையில கிடந்தா, எடை போடுறதுக்கு முன்னாடி அந்த லேம்ப்பை மட்டும் கழட்டி வெச்சுக்கங்க. இடது பக்கம், மறந்துடாதீங்க!