அந்த நாற்பது மதிப்பெண்கள்

நாம் நடுநிலைப் பள்ளியில் பயின்ற நாளில் காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுத் தேர்வுகளில் எழுதியதே மாணவனின் அறிவாகக் கொள்ளப்பட்டது. அதன் குறையை நன்கறிந்தே பின்னாளில் நாமும் அத்தகைய பள்ளியொன்றில் ஆசிரியப் பணி ஏற்றோம்.

2012-13ஆம் கல்வியாண்டில் தமிழக அரசு, எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டையும் நடைமுறைப்படுத்தியது. பருவ இறுதித் தேர்வாகிய தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 மதிப்பெண்கள். செயல்பாடுகளும் சிறுதேர்வுகளும் அடங்கிய வளரறி மதிப்பீட்டிற்கு 40. இரண்டின் கூடுதலுக்கேற்ப ஏ1 முதலான தரநிலை வழங்கப்பெற்றது. தேர்வு நாளில் தடுமாறும் பிள்ளைக்கும் இம்முறை வாய்ப்பளித்தது.

ஆயினும் நாம் செய்தது என்ன? முதற்பருவ முடிவில் ஒரே இரவில் அமர்ந்து, அந்த நாற்பதைப் பதிவேட்டில் நிரப்பினோம். தேர்வில் பின்தங்கிய மாணவனொருவனுக்கு அதிலும் குறைவாகவே இட்டோம்.

மறுநாள் வகுப்பறை அலமாரியின் மேல் கொட்டாங்கச்சித் தராசொன்று கண்ணிற்பட்டது. செய்தவர் யாரென வினவினோம்.

"நான்தான் ஐயா. நன்றாயிருக்கிறது என்று அன்று சொன்னீர்களே" என்றான் அம்மாணவன்.

நாம் பாராட்டியதை அவன் மறக்கவில்லை, நாம் மறந்திருந்தோம்.

அன்றே அவன் மதிப்பெண்ணைத் திருத்தினோம். பிற மாணவர் பலருடைய செயல்களோ நினைவுக்கு வரவேயில்லை. அந்த வருத்தம் இன்றும் உண்டு. அதன்பின், கண்டதை அன்றன்றே குறித்து வைத்தோம்.

நாளை ஆசிரியராகவிருக்கும் மாணவச் செல்வங்களே, எம்முறை வரினும் பதிவேட்டை நினைவின்றி நிரப்பாதீர்கள்.