தோற்றவருக்கு ஒரு கோயில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு தைலமரத் தோப்பில் நடந்த ஓரியன்டீரிங் போட்டிக்கு மகளை அழைத்துப் போயிருந்தேன். ஸ்வீடன், நார்வே ராணுவங்களில் பிறந்த விளையாட்டு. கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. தோப்புக்குள் அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். வரிசை மாறாமல் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, பதிவு செய்துகொண்டு ஓடி வர வேண்டும். என்.சி.சி.யில் 'மேப் ரீடிங்' படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்.

மகள் அவள் பிரிவில் இரண்டாவதாக ஓடி வந்தாள். நான் கைதட்டி முடிப்பதற்குள் முடிவு வந்துவிட்டது. தகுதி நீக்கம். 41-ஆம் நம்பர் கொடிக்குப் பதில், பக்கத்துப் புதரில் வேறு பிரிவுக்காக வைத்திருந்த 44-இல் பதிவு செய்திருக்கிறாள். ஒரு கொடி தப்பினால் மற்ற எல்லாமே வீண். பட்டியலில் கடைசி இடம்கூடக் கிடையாது.

"நம்பரைப் பார்க்க ஒரு செகண்டு ஆகுமாம்மா?" என்றேன்.

அவ்வளவுதான். ஓசூரில் ஆரம்பித்த மௌனம் வேலூர் தாண்டியும் கலையவில்லை. ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தட்டுமா என்றதற்கு, "பசிக்கல." வரைபடத்தை நாலாக மடித்து, கண்ணில் படாமல் பைக்கு அடியில் சொருகிவிட்டாள்.

தாமல் தாண்டி, பாலுசெட்டி சத்திரம் வந்ததும் என்னவோ தோன்றி, திருப்புட்குழிக்கு வண்டியைத் திருப்பினேன். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. புள் என்றால் பறவை. சீதையைத் தூக்கிப் போன ராவணனோடு சண்டை போட்டு விழுந்த ஜடாயுவுக்கு, ராமர் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது ஸ்தல புராணம். குளத்துக்கும் ஜடாயு பெயர்தான். அவருக்குத் தனிச் சன்னிதியும் உண்டு.

"தோத்துப் போனவருக்கா கோயில்?" என்றாள். நாலு மணி நேரத்தில் அவள் பேசின முதல் முழு வாக்கியம்.

யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்வி. ராவணனின் வில்லை ஒடித்தார், தேரை உடைத்தார். கடைசியில் சிறகு போயிற்று, சீதையும் போனாள். கணக்குப்படி தோல்வி. ஆனால் உயிர் போவதற்கு முன்னால், அவன் தெற்கே போனான் என்று ராமரிடம் சொன்னது அவர்தான். இங்கே பெருமாளின் பெயர் விஜயராகவன். அந்த நேரத்தில் ராமர் கையில் எந்த விஜயமும் இல்லை. இருந்ததெல்லாம், தோற்றவர் காட்டிய ஒரு திசை.

இதைச் சொன்னேன். உபதேசம் மாதிரி ஆகிவிட்டதோ என்று பயமாக இருந்தது. அவள் குளத்தைப் பார்த்துக்கொண்டே, "தியெரி ஜியோர்ஜியு தெரியுமாப்பா?" என்றாள்.

தெரியாது. பிரான்ஸ்காரராம், இந்த விளையாட்டில் உலக சாம்பியன். 2008 உலகப் போட்டியின் தொடர் ஓட்டத்தில் முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, வாய்க்குள் தேனீ புகுந்து தொண்டையில் கொட்டிவிட்டது. பதக்கம் போச்சு. 2009-இல் ஹங்கேரியில், ஸ்வீடன் வீரர் ஒருவரின் தொடையில் மரக்குச்சி ஆழமாகக் குத்திவிட்டது. ஜியோர்ஜியு, ஒரு நார்வேக்காரர், ஒரு செக் நாட்டுக்காரர், பதக்கத்துக்கு ஓடிக்கொண்டிருந்த மூன்று பேரும் நின்று அவரைக் காப்பாற்றினார்கள். மறுபடி பதக்கம் போச்சு. 2011-இல் தன் சொந்த நாட்டிலேயே தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார்.

"அவங்கல்லாம் ஓடி முடிச்சதும் மேப்ல ஓடின பாதையைக் கோடு போட்டுப் பார்ப்பாங்கப்பா. எங்க தப்பாச்சுன்னு."

சொல்லிவிட்டு, காரில் ஏறியதும் பையைத் துழாவினாள். வரைபடம் வெளியே வந்தது. சிவப்புப் பேனா கேட்டாள். கொடுத்தேன்.

"வந்த வழி சரிதான். கடைசி அம்பது மீட்டர்ல வேகத்தைக் குறைச்சிருக்கணும். கொடியைப் பார்த்த சந்தோஷத்துல நம்பரைப் பார்க்கல."

நான் தப்பின இடமும் எனக்குத் தெரிந்தது. ஓடி வந்த குழந்தை மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வாயைத் திறந்தேனே, அங்கேதான். அதையும் சொல்லிவிட்டேன்.

கோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பரவால்லப்பா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆம்பூர்ல நிறுத்தியிருக்கலாம்."