நிற்கத் தெரிந்த சைக்கிள்

எங்கள் ஊரில் யாராவது சைக்கிள் வாங்கினால், அது எவ்வளவு வேகமாக ஓடும் என்று எவரும் கேட்பதில்லை. "பிரேக் நல்லா ஈக்கிதா?" என்பதுதான் முதல் கேள்வி. கேட்பதில் நியாயம் இருக்கிறது. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அக்குறணையில் ஏ9 வீதி பிங்கா ஓயாவை ஒட்டிப் போவதால் அந்த வீதி மட்டும் ஓரளவு சமதரை. அதிலிருந்து பிரிந்து வீடுகளுக்குப் போகும் பாதைகள் எல்லாம் ஒன்றில் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அதற்கு மேல் மழையும் சேர்ந்துகொள்ளும்.

இப்படிப்பட்ட ஊரில்தான் என் தம்பிக்கு 'ட்ரயல்ஸ்' சைக்கிள் ஆசை வந்தது. டனி மெக்கஸ்கில் என்ற ஸ்கொட்லாந்து இளைஞர் எடின்பரோ நகரத் தெருக்களில் ஓட்டிய ஒரு காணொளி 2009 ஏப்ரலில் வெளிவந்து உலகம் முழுதும் பரவியது. அப்போது அவர் அங்கே ஒரு சைக்கிள் கடையில் திருத்துநராக வேலை செய்துகொண்டிருந்தார். கூர் முனைகள் கொண்ட இரும்பு வேலியின் மேல் சைக்கிளோடு ஏறி நடப்பதுபோல ஓட்டுவார். தம்பி அந்தக் காணொளியைப் பார்த்த தடவைகளுக்குக் கணக்கில்லை. அவனுக்கு வயது 14. வாப்பாவுக்கு நெஞ்சு பதறியது. உம்மா துஆ கேட்டார். நான் வேறொன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னும் பின்னும் அந்த மனிதர் அசையாமல் நிற்கிறார். பாய்வதைவிட நிற்பதில்தான் அவருடைய வித்தை இருப்பதாக எனக்குத் தோன்றியது.

தேடிப் படித்தபோது அது சரியென்று தெரிந்தது. ட்ரயல்ஸ் என்பது ஓட்டப் பந்தயமே அல்ல. பாறை, மரக்குற்றி, சீமெந்துக் கட்டை போன்ற தடைகளின் மேல் கால் தரையில் படாமல் ஏறிக் கடக்க வேண்டும். கால் ஊன்றினால் குற்றப்புள்ளி. ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் மோட்டார் சைக்கிள் ட்ரயல்ஸ் பிரபலமாக இருந்தது. அங்கே பேரே பீ என்ற வீரர் தம் மகன் ஓட் பீக்காக இயந்திரமில்லாத சிறிய சைக்கிளொன்றை அமைத்துக் கொடுத்தார். அந்த மகன் பின்னர் பல தடவைகள் உலகச் சம்பியனானார். ஆக, இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே பிள்ளைக்கு ஏற்ற பிரேமைத் தேடிய ஒரு தகப்பன் இருக்கிறார். இதை வாப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார்.

"ரெண்டு சில்லும் சொன்ன எடத்துல நிக்கோணும். அதுக்குப் பொறகுதான் பாயிற கத."

உண்மையான ட்ரயல்ஸ் சைக்கிளை நான் இங்கே எந்தக் கடையிலும் கண்டதில்லை. அதற்கு சீட் கிடையாது. உட்கார நேரமில்லாத விளையாட்டு அது. போட்டிகளில் 20 அங்குலச் சில்லு, 26 அங்குலச் சில்லு என இரண்டு வகை உண்டு. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க எங்களிடம் பணமில்லை. மாமாவின் சைக்கிள் திருத்தும் கடையில் கிடைக்கும் பழைய பிரேம்களில் ஒன்றைத் தெரிவுசெய்வதுதான் ஒரே வழி. உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பதால் அளக்கும் வேலை எனக்கு வந்தது.

கடையின் பின்புறம் மூன்று பிரேம்கள் இருந்தன. முதலாவது, அப்பா காலத்து உயரமான இரும்புச் சைக்கிள். இரண்டாவது, முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் பொருத்திய 26 அங்குல மலைச் சைக்கிள். மூன்றாவது, நிறம் உரிந்துபோன 20 அங்குலச் சிறுவர் சைக்கிள். தம்பியின் கண் இரண்டாவதிலேயே இருந்தது. பார்வைக்கு அதுதான் வீரமாகத் தெரிந்தது.

நான் ஒரு நூலை எடுத்து முன்சில்லின் அச்சுக்கும் பின்சில்லின் அச்சுக்கும் இடையே இழுத்துப் பிடித்தேன். முதல் இரண்டிலும் பெடல் அச்சு நூலுக்குக் கீழே இருந்தது. சாதாரணப் பாதையில் ஓட்ட அது நல்லது. உடம்பின் பாரம் தாழ்வாக இருப்பதால் சைக்கிள் உறுதியாக ஓடும். 20 அங்குலச் சைக்கிளிலோ பெடல் அச்சு நூலுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. ட்ரயல்ஸ் பிரேம்களில் இது இன்னும் உயரமாக இருக்கும். தடையில் அடிப்பாகம் முட்டாது. பின்சில்லில் நிமிர்ந்து நின்று சமநிலை பிடிப்பதும் இலகு.

அடுத்து, பெடல் அச்சிலிருந்து பின்சில்லின் அச்சுவரை போகும் குழாயின் நீளத்தை அளந்தேன். அது குட்டையாக இருந்தால் முன்சில்லைத் தூக்குவதற்குக் குறைந்த பலம் போதும். நெம்புகோல் கணக்குத்தான். இதிலும் சிறிய சைக்கிளே வென்றது. ஸ்பிரிங் ஃபோர்க் பற்றி மாமா ஒரே வசனத்தில் சொல்லிவிட்டார்: "நீ பாயக் குடுக்கிற பலத்த இது முழுங்கிடும்." சமதரையில் குலுக்கலைக் குறைக்கும் அதே ஸ்பிரிங், துள்ளும்போது கையின் உந்தலை உள்வாங்கிக்கொள்கிறது. பாரமும் கூட.

கடைசியாக வெடிப்புத் தேடினோம். ஹேண்டில் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் இடம், பெடல் அச்சுக்குப் பின்புறம், பிரேக் பொருத்தும் இடம் ஆகிய மூன்றிலும் வெல்டிங் ஓரங்களைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். நிறத்தில் மயிரிழைபோல் கோடு தெரிந்தாலோ அதிலிருந்து துரு கசிந்திருந்தாலோ அந்தப் பிரேம் துள்ளுவதற்கு ஆகாது. எங்களுடையது இரும்பு. இரும்பு பெரும்பாலும் முறிவதற்கு முன் வளைந்து காட்டும். அலுமினியம் பாரம் குறைந்தது என்றாலும் அவ்வளவு எச்சரிக்கை தராமலே வெடிக்கக்கூடும்.

பிரேம் முடிவானதும் பிரேக்கும் பாதி முடிவாகிவிட்டது. பிரேமும் பிரேக்கும் வெவ்வேறு கேள்விகள் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் எந்தப் பிரேக்கை ஏற்கலாம் என்பதைப் பிரேமே சொல்லிவிடுகிறது. எங்கள் பிரேமில் டிஸ்க் பிரேக் பூட்டும் தாங்கி இல்லை. ஒன்றை வெல்டிங் செய்து ஒட்டலாமே என்றான் தம்பி. மாமா மறுத்துவிட்டார். அந்தப் பாரத்தைத் தாங்கும்படி செய்யப்படாத மெல்லிய குழாய் அது. ஆனால் வி-பிரேக்கின் இரு கைகளையும் மாட்டும் முளைகள் முன்னும் பின்னும் இருந்தன.

அது குறையொன்றும் அல்ல. 20 அங்குல ரிம்மின் விட்டம் ஏறத்தாழ 406 மில்லிமீட்டர்; ஆரை 203. வழக்கமான 160 மில்லிமீட்டர் டிஸ்க்கின் ஆரை 80. ஒரே உராய்வு விசை கிடைத்தால், ரிம்மில் பிடிக்கும் பிரேக்கின் திருப்பம் இரண்டரை மடங்கு. இதனால்தான் ட்ரயல்ஸ் ஓட்டுநர் பலர் பின்சில்லுக்கு எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ரிம் பிரேக்கை விரும்புகிறார்கள். ஜெர்மனியின் மகுரா நிறுவனத்தின் எச்எஸ்33 அவர்களிடையே பேர்பெற்றது. டிஸ்க்கின் நன்மை வேறு: அது தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் சேறும் நீரும் குறைவாகவே படும், ரிம் சற்றுக் கோணினாலும் பிரேக் மாறாது.

மழை என்றதும் அப்பா காலத்துச் சைக்கிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் பிரேக் கம்பிகளால் இயங்கும். ரிம் குரோம் பூசிய இரும்பு. நனைந்த குரோமில் ரப்பர் கட்டை வழுக்கும். காய்ந்திருக்கையில் நிற்கும் தூரத்தைவிடப் பல மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். எங்கள் வீட்டுப் பாதை 10 மீட்டர் இறங்கி வீதியைத் தொடுகிறது. தம்பியும் சைக்கிளும் சேர்ந்து 60 கிலோ என்றால், அந்த இறக்கம் தரும் சக்தி ஏறத்தாழ 5,900 ஜூல். அவ்வளவையும் நான்கு சிறிய ரப்பர் கட்டைகள் வெப்பமாக மாற்ற வேண்டும். கீழே பஸ் போகிற வீதி. இதை எழுதிக் காட்டியபோது, இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு அலுமினிய ரிம் போடும் செலவுக்கு வாப்பா சம்மதித்தார்.

பிரேக் பூட்டியது ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு. முதலில் ஸ்போக் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் ரிம்மை நேராக்கினோம். ரிம் ஆடினால் கட்டையைக் கிட்ட வைக்கவே முடியாது. ரிம்மில் எண்ணெய்ப் பசை போக ஸ்பிரிட்டால் துடைத்தோம். கட்டை டயரில் உரசக் கூடாது. ரிம்முக்குக் கீழேயும் இறங்கக் கூடாது. இரு பக்கமும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. வெளிக் கேபிளின் முனைகளைச் சதுரமாக வெட்டினோம். நசுங்கிய முனை ஒவ்வொரு பிடிப்பிலும் சற்று அமுங்கி, கையின் பலத்தைத் தின்றுவிடும்.

பிரேக் பிடியிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. பழைய கலிப்பர் பிரேக்குக்கான பிடி இழுக்கும் கேபிளைப்போல ஏறத்தாழ இரு மடங்கு நீளத்தை வி-பிரேக் கேட்கும். பொருந்தாத பிடியைப் போட்டால் கட்டை ரிம்மைத் தொடுவதற்குள் பிடி ஹேண்டிலில் முட்டிவிடும். ஆகவே வி-பிரேக்குக்கே உரிய பிடி வாங்கினோம். அதை ஹேண்டிலில் உட்புறமாக நகர்த்தி, சுட்டுவிரல் பிடியின் நுனியில் விழும்படி வைத்தேன். ட்ரயல்ஸில் ஒரு விரல் பிரேக்குக்கு, மற்ற விரல்கள் ஹேண்டிலுக்கு. நுனியில் பிடித்தால் அந்த ஒற்றை விரலே போதும்.

பிறகு வாப்பாவின் பரீட்சை. சைக்கிளை ஏற்றத்தைப் பார்த்து நிறுத்தி, பின் பிரேக்கை மட்டும் பிடித்து, பின்னோக்கித் தள்ளச் சொன்னார். பாதையில் ஓடும் சைக்கிளின் பிரேக் முன்னோக்கிய ஓட்டத்தை நிறுத்தினால் போதும். ட்ரயல்ஸிலோ பின்சில்லில் நிற்கும்போது சில்லு எந்தப் பக்கமும் உருளக் கூடாது. தள்ளினோம், சில்லு சற்று நழுவியது. மாமா பின்னால் குந்தியிருந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பிரேக்கை அழுத்தும்போது பின்சில்லின் இருபுறக் குழாய்களும் வெளிப்பக்கமாக விரிவது கண்ணுக்கே தெரிந்தது. கையின் பலம் ரிம்மை இறுக்காமல் பிரேமை விரித்துக்கொண்டிருந்தது. குதிரை லாட வடிவில் தகடு ஒன்றை வெட்டி, இரு பிரேக் முளைகளையும் இணைத்துப் பூட்டினார். மறுபடியும் தள்ளினோம். டயர் தரையில் தேய்ந்ததே தவிரச் சில்லு சுழலவில்லை. வாப்பா ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினார்.

வெளிநாடுகளில் ரிம்மைச் சாணைக் கருவியால் சொரசொரப்பாக்குவார்கள். தார் தடவுவோரும் உண்டு. தார் காய்ந்த நாளில் பிடிக்கும், மழையில் உதவாது. சாணை பிடித்தால் ரிம்மின் ஆயுள் குறையும். ஒரு ரிம் வாங்கவே யோசித்த எங்களுக்கு இரண்டும் சரிவரவில்லை.

கையெல்லாம் கிரீஸோடு நின்ற என்னைப் பார்த்து, வந்திருந்த மாமி கேட்டார்: "பொம்புளப் புள்ளக்கி எனத்துக்கு இந்த வேல?" நான் பதில் சொல்லவில்லை. தம்பிதான் சொன்னான்: "தாத்தா பூட்டின பிரேக்லதான் மாமி நான் நிக்கிறேன்." அன்று இரவு அவருக்குச் சுவிட்சர்லாந்தின் காரின் மோர், ஜெர்மனியின் நீனா ரைஹன்பாக் ஆகியோரின் படங்களைக் காட்டினேன். பெண்களுக்கான ட்ரயல்ஸில் பல தடவைகள் உலகச் சம்பியனானவர்கள். மாமி நெடுநேரம் பார்த்துவிட்டு, "உழுந்தா என்ன செய்யிற?" என்று மட்டும் கேட்டார். அது நல்ல கேள்வி. தலைக்கவசம், கையுறை, வீட்டு முற்றம். வீதியில் ஒருநாளும் இல்லை. இவை எங்கள் சட்டங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை நாம் சிறுவயதிலிருந்தே மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். கேபிளின் நட்டை இறுக்கும்போது அதன் பொருள் எனக்கு இன்னும் கொஞ்சம் விளங்கியது. தம்பியின் துணிச்சலை அடக்குவதற்காக வாப்பா அந்த நிபந்தனையை வைத்தார் என்று முதலில் நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், அந்த நிபந்தனைதான் அவனுக்குத் துணிச்சலைக் கொடுத்திருக்கிறது. நிற்கும் என்று தெரிந்தவன்தான் ஏறத் துணிகிறான். முதல் மாதம் முழுதும் அவன் பழகியது அசையாமல் நிற்பதை மட்டுமே. அதன் பிறகுதான் ஒரு சாண் உயரப் பலகைமேல் ஏறினான். முற்றத்தின் கதவைச் சாத்திவிட்டு நானும் நின்று பார்ப்பேன். பத்துவரை எண்ண முடிகிறது.

இப்போது அயலில் உள்ள மூன்று தங்கைமார் தங்கள் சைக்கிள்களை என்னிடம் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்குப் பாய்ச்சல் ஒன்றும் தேவையில்லை. வகுப்புக்குப் போய்வர வேண்டும். மணியையும் கூடையையும் நான் பிறகுதான் பார்ப்பேன். முதலில் சைக்கிளை ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கைப் பிடித்து, பின்னோக்கித் தள்ளிப் பார்க்கிறேன்.