கலண்டரில் எழுதிய சம்பளம்

மார்ச் 9

தங்கச்சியின் மகனை, என் மருமகனை, கரண்ட் தூக்கி எறிந்து இன்றோடு ஐந்து நாள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் முதல் நான்கு இரவும் தங்கச்சி நின்றாள். இன்றைக்கு நான். அவன் கண்ணயர்ந்த பிறகு, வேலைக்காலத்தில் மிஞ்சிய கொப்பி ஒன்றில் இதை எழுதுகிறேன். முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிய கை. எழுதாத எதுவும் எனக்கு நடந்ததாகவே படுவதில்லை.

நடந்தது இவ்வளவுதான். பிரதான வீதியோரம் ஒரு மேல்மாடிக் கடை கட்டுப்படுகிறது. தட்டுப் போடக் கம்பி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே நின்றவன் 20 அடிக் கம்பியை நிமிர்த்திக் கொடுக்க, மேலே நின்ற இவன் வாங்கித் திருப்பியிருக்கிறான். வீதியோடு போகிற 33,000 வோல்ட் லைன் கட்டடத்தின் முகத்துக்கு நேரே. கம்பி லைனில் பட்டதா, படாமலே பாய்ந்ததா என்று கூட நின்றவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த அழுத்தத்துக்குத் தொட்டுத்தான் ஆகவேண்டும் என்றில்லை. போதிய அளவு கிட்டப் போனாலே காற்றைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மேலே போகிற லைனுக்கு வீட்டு வயர் போல உறை இருக்கிறது என்று நம்பும் ஆட்கள் எங்கள் ஊரில் இன்றைக்கும் உண்டு. வெறும் அலுமினியம் அது.

வலது கையால் ஏறி இடது பாதத்தால் இறங்கியிருக்கிறது. செருப்பில் பீடி சுட்டதுபோல ஒரு சின்ன ஓட்டை. அவ்வளவுதானே என்று நினைத்தோம்.

மார்ச் 14

அவ்வளவு இல்லை. இன்றைக்கு வலது கையின் பெருவிரலையும் அடுத்த இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

டொக்டர் தங்கச்சியை இருத்திவைத்துப் பொறுமையாகச் சொன்னார். நெருப்புச் சுட்டால் வெளியிலிருந்து உள்ளே சுடும், கரண்ட் உள்ளேயே சுடும். எலும்பு அதைத் தடுக்கத் தடுக்கச் சூடேறுகிறது. எலும்பை ஒட்டிய தசை வெந்துபோகிறது, மேலே தோல் ஒன்றும் நடக்காததுபோலக் கிடக்கும். வெந்த தசையின் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கும். முதல் இரண்டு நாளும் சிறுநீர் கறுத்த தேத்தண்ணி நிறத்தில் போனதும், சேலைன் மேல் சேலைன் ஏற்றியதும், நெஞ்சில் வயர் ஒட்டி இருதயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததும் அதனால்தான். சில பேருக்கு மாதக்கணக்கில் கழிந்து கண்ணில் வெண்புரை வருமாம். “கண்ணையும் காட்டிக்கொண்டே இருங்க அம்மா” என்றார்.

தங்கச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள். “அப்ப கரண்டி பிடிப்பானா ஐயா?” சோற்றுக் கரண்டியா, மேசன் கரண்டியா என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

மார்ச் 23

கொந்தராத்துக்காரர் வந்தார். கெட்ட மனிசர் என்று எழுத மாட்டேன். முதல் நாளே தன் வாகனத்தில் ஏற்றிவந்து சேர்த்தவர் அவர்தான். வார்ட்டுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டு ஒரு கடித உறையை நீட்டினார். 50,000 ரூபாய்.

“என்னால ஏலுமான உதவி கா இது. அவன் எனக்குத் தம்பி மாதிரி.”

உறையோடு ஒரு தாளும் இருந்தது. முத்திரை ஒட்டி, ரைப் பண்ணி: இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன், விபத்து என் கவனக்குறைவால் நடந்தது. கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு. எந்தக் கையால் வைப்பது என்று நான் கேட்கவில்லை. தாளை மட்டும் வாங்கிக்கொண்டு, மறுகா பார்ப்போம் என்று அனுப்பிவிட்டேன்.

தங்கச்சிக்கு என் மேல் கோபம். வீட்டில் அரிசி இல்லை, சின்னவளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து இல்லை. “உதவி எண்டு குடுக்கிறத ஏன் அண்ணே தட்டுற?”

உதவி என்ற சொல்தான் என் வயிற்றைக் கலக்குகிறது. உதவி தந்தவரிடம் மிச்சம் கேட்க முடியாது. கும்பிடத்தான் முடியும்.

மார்ச் 27

மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்த பிள்ளை எங்கள் சங்கத்துப் பழைய அங்கத்தவரின் மகள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், ஒரு தாளில் எழுதியும் தந்தாள்.

வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம். என் வயதை விட மூப்பு. அந்தக் காலத்து அரசாங்க சபையில் தொழில் அமைச்சராக இருந்தவர் அட்டன் உறுப்பினர் பெரி சுந்தரம், மலையகத் தமிழர். பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர் அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் ஒன்று ஒருநாள் எங்கள் ஊர் தேற்றாத்தீவுக்கு வேண்டிவரும் என்று யார் கண்டது. இந்தியாவில் இதே வகைச் சட்டம் 1923இல் வந்தது, இங்கிலாந்தில் 1897இல். அதற்கு முந்திய இங்கிலாந்தில், உன் முதலாளியின் பிழை என்று நீதான் நிரூபிக்க வேண்டும். கூட வேலை செய்தவனின் பிழை என்றால் முதலாளிக்குப் பொறுப்பே இல்லை. எங்கள் கணக்கில் கீழே நின்று கம்பி நிமிர்த்தினவன் தலையில் எல்லாம் விழுந்திருக்கும். அவனும் நாட்கூலிதான்.

இந்தச் சட்டம் யாருடைய பிழை என்று கேட்கவில்லை. வேலையில் இருந்தபோது, வேலையினால் வந்த விபத்தா என்றுதான் கேட்கிறது. ஓம் என்றால் முதலாளி கடன்காரன். குடித்திருந்தான் என்றோ, பாதுகாப்புக்காகத் தெளிவாகப் போட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறினான் என்றோ காட்டினால் தப்பலாம். கவனக்குறைவு என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியானால் அந்தத் தாளில் “என் கவனக்குறைவால்” என்று ஏன் ரைப் பண்ணினார்கள்? சட்டத்துக்காக அல்ல, மருமகன் மனத்துக்காக. தன் பிழை என்று ஒருவன் நம்பிவிட்டால் அவன் பிறகு கேட்கவே மாட்டான்.

அந்தப் பிள்ளை சொன்ன இன்னொரு விஷயத்தை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. இருவரும் பேசி ஒத்துக்கொண்டால்கூட அந்த ஒப்பந்தத்தை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிய வேண்டும். தொகை போதாது என்றோ ஏமாற்றி வாங்கியது என்றோ பட்டால் அவர் பதிய மறுக்கலாம். 1934இல் இருந்தவர்களுக்கும் இந்த முத்திரைத் தாள் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 3

தங்கச்சியிடம் எல்லாம் சொன்னேன். “அப்ப எவ்வளவு கிடைக்கும்?” என்றாள். நியாயமான கேள்வி.

உச்சத் தொகை முன்பு 550,000 ரூபாய். 2022இல் செய்த திருத்தத்தில் 2,000,000 ஆயிற்று. வேலைக்குப் போகிற வழியிலும் திரும்பி வருகிற வழியிலும் நடக்கும் விபத்தும் அப்போதுதான் சேர்ந்தது. ஆனால் 20 இலட்சம் என்று காதில் விழுந்ததும் கனவு காணக் கூடாது. அட்டவணையில் சம்பளம் படிப்படியாகப் பிரித்துக் கிடக்கிறது. கூடின சம்பளக்காரருக்குக் கூடின தொகை. கை போனால், விரல் போனால், கண் போனால் உழைக்கும் வலுவில் எத்தனை வீதம் போயிற்று என்று இன்னொரு அட்டவணை. அந்த வீதத்தை வைத்தியர் சொல்ல வேண்டும். இரண்டையும் வைத்துத்தான் கணக்கு.

இரண்டு அட்டவணையையும் படித்தபோது சங்கத்து நிறுவை ஞாபகம் வந்தது. உடம்பை உறுப்பு உறுப்பாக நிறுத்து விலை போடுகிற கணக்கு. அதற்குமேல், கூலி குறைந்தவனின் பெருவிரல் கூலி கூடினவனின் பெருவிரலை விட மலிவு. இந்தச் சட்டத்தை மெச்சிக்கொண்டு இதை எழுதாமல் விட்டால் என் கொப்பி பொய்யாகிவிடும்.

சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால் கூடக் கிடைக்காதா என்று மச்சான் ஒருவர் கேட்டார். இந்தியாவில் அரியானாவில் 2011இல் கரண்டில் கைகளையும் ஒரு காலையும் இழந்த சிறு பையனுக்கு, 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 60 இலட்சம் இந்திய ரூபாயை உறுதிப்படுத்தியது. ஆபத்தான பொருளை வைத்து நடத்துகிறவர்கள் பிழை இல்லாவிட்டாலும் பொறுப்பு என்பது அங்கே மின்சார வழக்குகளில் நிலைத்த கொள்கை. இங்கே சிவில் வழக்கு என்றால் யாரோ ஒருவரின் கவனயீனத்தை நாங்கள் காட்ட வேண்டும். லோயர் பிடிக்க வேண்டும், வருடங்கள் போகும். இரண்டு கதவிலும் ஒரே நேரத்தில் தட்டவும் ஏலாது. எங்களுக்குத் தோதான கதவு நட்டஈட்டுச் சட்டம்தான்.

ஏப்ரல் 19

துண்டு வெட்டி வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கொம்புச்சந்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள் தங்கச்சி. யூதாததேயு கோயிலுக்கும் ஒரு மெழுகுதிரி நேர்ந்திருந்தாளாம், எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஊரில் புது வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. எல்லாரும் வீட்டு ட்ரிப் சுவிட்சில் இருக்கிற சின்னப் பொத்தானை அமத்திப் பார்க்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீட்டில் விழவில்லை. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே வெட்டவேண்டிய சாமான் அது. தோட்டத்துக் கிணற்றடியில் மோட்டரை ஈரக் கையால் தட்டி விடுகிற ஊர் இது. மேலே போகிற 33,000 வோல்ட்டில் கம்பி பட்டால் வீட்டுப் பெட்டியால் ஒன்றும் ஆகாது என்பது வேறு கதை.

மே 2

நட்டஈடு கேட்டதற்குக் கொந்தராத்துக்காரரிடமிருந்து பதில். இரண்டு வரி. ஒன்று, இவன் தன் ஆள் இல்லை, மேசன் பாஸ் கூட்டிவந்த ஆள். இரண்டு, நாட்கூலி 1,500 ரூபாய்தான்.

முதலாவதற்கு வழி இருக்கிறது. தன் தொழிலுக்குரிய வேலையை இன்னொருவர் மூலம் செய்விப்பவரும் அந்த ஆட்களுக்கு நட்டஈடு கொடுக்கப் பொறுப்பு. கொடுத்துவிட்டு அவர் மற்றவரிடம் அறவிடலாம். இரண்டாவதுதான் கள்ளத்தனம். சம்பளப் படியில் ஒரு படி இறக்கினால் நட்டஈடும் இறங்கும். மருமகனுக்குக் கிடைத்தது 2,500. ஆனால் சம்பளத் துண்டு கிடையாது, சேமலாப நிதி கிடையாது. சனிக்கிழமை பின்னேரம் கையில் எண்ணிக் கொடுக்கும் காசுக்கு என்ன சாட்சி? கூட வேலை செய்தவர்கள் இருவரிடம் போனேன். ஒருவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். மற்றவர், “ஐயா, நாளைக்கும் நான் அவருக்கிட்டத்தான் வேலைக்குப் போகணும்” என்றார். அவர் மேல் எனக்குக் குறை இல்லை.

ஜூன் 1

கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்தாயிற்று. இரவில் காற்று வளத்துக்கு உடுக்குச் சத்தம் கேட்கிறது. மருமகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். கையைச் சால்வையால் மூடிக்கொண்டு பின்னால் இருந்தான். வழக்குரை படித்தார்கள்.

சின்ன வயதிலிருந்து கேட்கிற கதை. இன்றைக்குத்தான் அதன் பெயர் என்னைக் குத்தியது. கதையில் எவ்வளவோ இருக்க, எங்கள் ஆட்கள் அதற்கு வழக்குரை என்றுதான் பெயர் வைத்தார்கள். கண்ணகை பாண்டியனிடம் உதவி கேட்கவில்லை. கணக்குக் கேட்டாள். கையில் சிலம்பு இருந்தது, உடைத்தாள், உள்ளே மாணிக்கம். அதோடு வழக்கு முடிந்தது.

திரும்பி வரும் வழியில் இதைத் தங்கச்சியிடம் சொன்னேன். “அவவுக்குச் சிலம்பு இருந்திச்சு. எங்களுக்கிட்ட என்ன கிடக்கு அண்ணே?” என்றாள். கொஞ்சத் தூரம் பேசாமல் வந்தவள் திடீரென்று, “கலண்டர் சரிவருமா?” என்றாள்.

ஜூன் 2

காலையில் போய்ப் பார்த்தேன். குசினிச் சுவரில் மாதக் கலண்டர். தங்கச்சி சீட்டுப் பிடிக்கிறவள், யார் எவ்வளவு கட்டினார்கள் என்று அதிலேதான் குறிப்பாள். அதே கட்டங்களில் ஒவ்வொரு சனிக்கும் பென்சிலில்: தம்பி 15,000. மகனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு கிழமை 12,500, பக்கத்தில் “மழை”. தைப்பொங்கல் கிழமை 10,000. போன வருடத்துக் கலண்டரும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. சீட்டுக்காரர்கள் எட்டுப் பேரின் பெயரும் தொகையும் அதே எழுத்தில் கிடப்பதால், நேற்று இருந்து எழுதினது என்று யாரும் சொல்ல முடியாது. ஆறு நாள், 2,500. மழைக்கு ஒரு நாள் வெட்டு. முப்பது வருடக் கணக்கில் இவ்வளவு சுத்தமான பேரேட்டை நான் கண்டதில்லை.

கலண்டரைக் கழற்றினால் சீட்டுக் கணக்கு என்னாவது என்று சண்டை பிடித்தாள். களுவாஞ்சிகுடிக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு தாளாகப் பிரதி எடுத்துவிட்டு, மத்தியானத்துக்குள் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன்.

ஜூன் 6

விண்ணப்பம் ஆயத்தம். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், நாங்கள் மூன்று மாதத்தில் கொடுக்கிறோம். நோய் நிர்ணய அட்டையின் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கலண்டர் தாள் பதினைந்து, கொந்தராத்துக்காரரின் இரண்டு வரி, அந்த முத்திரைத் தாளின் பிரதியும். அதைத் தந்தவர் திரும்பக் கேட்கவே இல்லை. வீதம் எத்தனை என்பதை வைத்தியர்கள் சொல்வார்கள். விசாரணைக்குக் கொழும்பிலிருந்து திகதி வரவேண்டும்.

கையெழுத்தில் ஒரு சிக்கல். அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் இருப்பது வலது கைக் கையெழுத்து. வலது பெருவிரலும் இல்லை, அடையாளம் வைக்க. இடது கைக் கையெழுத்தே போதும், சமாதான நீதவான் ஒருவர் முன்னால் வைத்தால் நல்லது என்று அந்தப் பிள்ளை போனில் சொன்னாள்.

மூன்று நாளாக இந்தக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் பழகுகிறான். முதல் நாள் எழுத்துகள் வேலி சரிந்ததுபோல விழுந்தன. இன்றைக்குப் பெயரின் முதல் மூன்று எழுத்தும் நேராக நின்றன. பின்னேரம் நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, தாளை என் பக்கம் தள்ளினான்.

“மாமா, இது காணுமா?”

இன்னும் ஒரு பக்கம் எழுது என்றேன்.