வாசலுக்கு வராத ‘மிரர்’

கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள ஸ்காபரோவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு முதலில் அறிமுகமான ஆங்கிலப் பத்திரிகை ‘ஸ்காபரோ மிரர்’. காசு கொடுத்து வாங்கத் தேவையிருக்கவில்லை. வாசலில் வந்து விழும். உள்ளே கடைகளின் பிளையர்கள் கட்டாக இருக்கும். அம்மா முதலில் அவற்றைத்தான் உருவி எடுப்பார். கோழிக்கால் றாத்தல் எந்தக் கடையில் மலிவு என்று பார்த்து, கத்தரிக்கோலால் வெட்டி, பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பார். மிச்சப் பேப்பர் எனக்கு. எந்தச் சந்தியில் மாடிவீடு எழும்பப் போகிறது, கல்விச்சபைத் தேர்தலில் நிற்பவர் யார் என்பதெல்லாம் அதில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருவில் பேப்பர் போட்டது ஒரு தமிழ்ப் பெடியன். உறைபனியிலும் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் படியேறுவான். அவன் உழைத்த முதல் காசு அது.

அந்தப் பிளையர்கள்தான் பத்திரிகைக்குச் சோறு போட்டன. கோழிக்கும் வெங்காயத்துக்கும் வந்த விளம்பரப் பணத்தில்தான் ஊர்ச்செய்தி எழுதும் நிருபருக்குச் சம்பளம். விளம்பரம் கைபேசிக்குப் போனதும் அந்த வருமானம் வற்றியது. 2023 செப்டம்பரில், மிரரை நடத்திய மெற்றோலாண்ட் நிறுவனம் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரியது. ஒன்ராறியோவில் அதன் 71 உள்ளூர் வார இதழ்கள் அச்சை நிறுத்தின. 605 பேர் வேலை இழந்தார்கள்.

அது நடந்த காலத்தை நினைத்தால்தான் எனக்கு மனம் ஆறுவதில்லை. அதே ஆண்டு யூலை 24இல் ஸ்காபரோ ஆர்.ரி. ரயிலின் கடைசிப் பெட்டி தடம் புரண்டது. 1985 முதல் ஓடிய அந்தச் சேவை பிறகு திறக்கப்படவே இல்லை. வேலைக்குப் போகிற சனம் பேருந்துக்குக் காத்து நின்றது. ஆகஸ்டில், செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கச் சொன்ன புதிய சட்டத்தை ஏற்க மறுத்த மெட்டா, கனடாவில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்திகளைத் தடுக்கத் தொடங்கியது. அடுத்த மாதம் ஊர்ப் பேப்பரும் நின்றது. ஊர் கூடிக் கேள்வி கேட்கவேண்டிய வேளை அது.

செய்தி இணையத்தில் இருக்கிறதே என்பார்கள். தேடிப் போகிறவருக்கு இருக்கிறது. வாசலில் கிடந்த தாளையோ, செய்தி தேடாதவர்களும் எடுத்துப் புரட்டினார்கள்.

தமிழ்க் கடை வாசல்களில் இப்போதும் இலவசத் தமிழ்ப் பத்திரிகைகள் அடுக்கியிருக்கின்றன. அவற்றை நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். கொழும்புச் செய்தியையும் சென்னைச் செய்தியையும் எவரும் கைபேசியில் பார்த்துவிடுவார்கள். ஒரு பக்கத்தையாவது ஸ்காபரோவின் நகரசபை உறுப்பினர்களும் கல்விச்சபையும் செய்கிறவற்றுக்கு ஒதுக்குங்கள். அவர்களின் கூட்டங்களுக்கு ஓர் இளம் நிருபரை அனுப்பி, அவருக்குச் சம்பளமும் கொடுங்கள். கடைக்காரர்களே, உங்கள் விளம்பரத்தை அந்தப் பக்கத்துக்குத் தாருங்கள்.